இடப்பக்கம் நின்றவனுக்கு

இன்று காலை உன் பற்களைக் கொதிநீரில் போடப் பார்த்தேன்.

தெரிந்து செய்யவில்லை, கோபிக்காதே. புதிய பருவம் தொடங்குகிறது. ஆட்டத்தில் பல் உடையாமலிருக்க வாயில் போடும் என் பல்லுக்காப்பு கடிபட்டுக் கந்தலாகிவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு, இளகியதும் வாயில் வைத்துக் கடித்தால் அவரவர் பல்லின் அச்சு விழும். தண்ணீர் கொதித்ததும் அலமாரியிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்தேன். கை பானைக்கு மேலே போனபோதுதான் அந்த மணம் வந்தது. கராம்பும் நோவு எண்ணெயும் கலந்த மணம். பார்த்தால் அது உன்னுடையது. மேல்வரிசையில் உன் உடைந்த முன்பல்லின் இடம். கீழே ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் இரண்டு பற்கள். விட்டிருந்தால் எல்லாம் இளகி மொட்டையாகியிருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துதான் போனேன். ஒரு ஆளின் கடி மட்டும் மிஞ்சிக் கிடப்பது பார்க்க நல்ல பொருள் இல்லை. ஆனாலும் திரும்ப மூடி வைக்க மனம் வரவில்லை. மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ வழக்கம்போல என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறாய்.

நம் ஆட்களிடம் நாம் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடுகிறோம் என்று சொன்னால், உதைக்காத பந்துக்கு எதற்கு அந்தப் பெயர் என்றுதான் முதலில் கேட்பார்கள். நீ பொறுமையாக விளக்குவாய். நான் பேச்சை மாற்றிவிடுவேன். நம் கோச் இளவயதில் அமெரிக்காவில் படித்தவர். அங்கே சில பல்கலைக்கழக அணிகள், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவதை ஏறக்குறைய விட்டுவிட்டு, எறிந்து எறிந்தே முன்னேறுவதைக் கண்டு மயங்கிப்போய், அந்த முறையை அப்படியே இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரேத்தோப் பகுதியில், புல்லைவிட மண் அதிகமான அந்த மைதானத்தில், மாணவர்களும் சமையற்காரர்களும் வீட்டுவேலைக்காரர்களின் பிள்ளைகளுமாகச் சேர்ந்த அணி நம்முடையது. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் நான். எனக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால் நிற்கிற ரன்னிங் பேக் நீ. பெயரில்தான் ஓட்டம். வேலையெல்லாம் நிற்பது.

முதல் வருடம் நான் உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். மற்ற அணிகளில் ரன்னிங் பேக் என்றால் ராசா. பந்து அவனிடம் வரும், அவன் ஓடுவான், சனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். நம் அணியில் பந்து உன் தலைக்கு மேலால் போகும். நான் வலக்கையால் எறிபவன். எறியும்போது உடம்பு வலப்பக்கம் திரும்பிவிடும், இடப்பக்கம் எனக்குக் குருடு. அந்தப் பக்கத்தால் எவனாவது பாய்ந்து வந்தால் அவனை உன் நெஞ்சில் வாங்குவது உன் வேலை. நான் எறிந்து முடிக்கும்போது நீ மண்ணில் கிடப்பாய். எல்லாரும் பந்து போன திசையைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நீ எழும்பிக் காற்சட்டையைத் தட்டிவிட்டுத் திரும்பவும் வந்து நிற்பாய்.

உன் அம்மா அதைத்தான் பொறுக்கவில்லை. ஞாயிறு பூசை முடித்து, தான் பார்த்துக்கொள்ளும் வயதான சிஞ்ஞோராவுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டு, தேத்தண்ணிப் போத்தலும் ரோல்ஸ் பெட்டியுமாக அவர் வந்து சேரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும். வந்ததும் வராததுமாக வேலிக்கு அருகே வந்து என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, ஏன் என்ர பிள்ளைக்குப் பந்து குடுக்கிறேல்லை? நீங்கள் ரெண்டு பேரும் சண்டையோ?"

"இல்லை அன்ரி, கோச்சின்ர திட்டம் அப்பிடி."

"திட்டமாம் திட்டம். மன்னாரிலை இருந்து நான் இதுக்கோ இவனைக் கூட்டிக்கொண்டு வந்தனான்? ஒருத்தன் மாறி ஒருத்தன் வந்து இடிக்கிறான், இவன் வாங்கிக்கொண்டு நிக்கிறான்."

நீ பின்னாலிருந்து சிரிப்பாய். "அம்மா, எனக்குப் பந்து வருது எண்டால் மற்ற எல்லாம் பிழைச்சுப் போச்சு எண்டு அர்த்தம். வராட்டித்தான் நல்லது." அவருக்கு அது விளங்கியதே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் கனகாலம் விளங்கவில்லை.

விளங்கிய நாள் நினைவிருக்கிறது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் நீ அப்போது வேலை செய்த உணவகத்தின் பின்பக்கம். தொட்டி நிறைய மட்டியைப் போட்டு உரஞ்சிக் கழுவிக்கொண்டிருந்தாய். குழாய்க்கு மேலே சாய்த்து வைத்த போனில் ஏதோ அமெரிக்கப் பல்கலைக்கழக மேட்ச். அருகே வந்து நின்ற நான், எறிந்த பந்தின் அழகைப் பார்த்து ஆஹா என்றேன். நீ கை ஈரத்தோடு படத்தை நிறுத்திப் பின்னுக்குத் தள்ளினாய்.

"பந்தைப் பாக்காதை மச்சான். இவனைப் பார். பக்கத்திலை நிக்கிறவனை."

பார்த்தேன். பந்து வருவதற்கு முன்பே அந்த ரன்னிங் பேக் தன் இடத்தை விட்டு ஓரத்துக்கு நடந்துபோனான். எதிரணியில் ஒருவன் அவன் பின்னாலேயே போனான்.

"பாத்தியே? இவன் சும்மா நடந்தவன். ஆனால் இவனுக்குப் பின்னாலை ஒருத்தன் போறான். அப்ப ஆளுக்கு ஆள் பிடிக்கிறாங்கள் எண்டு குவார்ட்டர்பேக்குக்குத் தெரிஞ்சு போச்சு. ஒருத்தனும் அசையாட்டி, இடத்தைக் காக்கிறாங்கள். இவன் ஒரு கேள்வி மாதிரி, விளங்குதே?"

அதற்குப் பிறகுதான் நமக்குள் அந்தச் சைகை வந்தது. நான் இடது குதிகாலைத் தூக்கினால் நீ வெளியே நடப்பாய். யார் உன் பின்னால் போகிறான் என்று நான் பார்ப்பேன். எறிவதற்கு ஒருவனும் தோதாக இல்லாவிட்டால் கடைசியாக இடப்பக்கம் திரும்புவேன். இரண்டு மூன்று எட்டுத் தள்ளி, முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு நீ நிற்பாய். எப்படித்தான் அவ்வளவு விரைவில் ஆளைத் தள்ளிவிட்டு அங்கே போய் நிற்பாயோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு முறை உனக்கென்றே ஒரு ஓட்டம் அமைந்தது. நாம் எறிவோம் எறிவோம் என்று எதிர்பார்த்து எதிரணி முழுக்கப் பின்வாங்கி நின்றது. நடுவில் வெறும் மண். நான் எறிவதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு மறுகையால் பந்தை உன் வயிற்றில் வைத்தேன். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டும்வரை உன்னை ஒருவரும் தொடவில்லை. நாய்க்குட்டியைத் தூக்கிப் போவதுபோல் இடக்கையில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடினாய். முதல் பாதி. அம்மா அப்போதுதான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வந்ததும் சொன்னோம். அவர் அழுதே விட்டார். "அடுத்த முறை நீங்கள் வந்தாப் பிறகு ஓடுறன்" என்று நீ அவர் கையைப் பிடித்துச் சொன்னாய்.

அடுத்த முறை வரவில்லை. மத்தியான வேலைக்கென்று மொண்டெல்லோவுக்கு ஸ்கூட்டரில் போன உன்னை, மரங்கள் அடர்ந்த அந்த வீதியில் ஒரு கார் இடித்தது. இடப்பக்கத்தால் வந்ததாம். நீ அதைக் காணவில்லையாம். எத்தனை வருடம் என் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன்னுடையதைப் பார்க்க அன்று ஒருவரும் இருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது, அழுகைகூட இல்லை. யார்மேல் கோபம் என்று கேட்காதே.

நீ போன பிறகு வந்த முதல் மேட்சில் உன் இடத்துக்குச் சால்வோவைப் போடலாம் என்றார் கோச். உனக்கும் தெரிந்தவன்தான், பாண் சுடும் போறணையில் வேலை செய்கிற, தோள் அகன்ற அதே சால்வோ. நல்ல பிள்ளை. நான் முடியாது என்றேன். என் இடப்பக்கம் இந்த ஒரு மேட்சுக்காவது வெறுமையாக இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நம் முறையில் அதற்கும் வழி உண்டு. ரன்னிங் பேக்கே இல்லாமல் எல்லாரையும் தூர ஓட விடலாம். அடி மட்டும் எனக்கு விழும். "உன் விலா எலும்பு, உன் விருப்பம்" என்று கோச் கையை விரித்தார்.

அன்று சிரோக்கோ வீசியது. ஆபிரிக்காவின் மண்ணையெல்லாம் அள்ளிவந்து இந்த நகரத்தின்மேல் கொட்டுகிற காற்று. பகல் பன்னிரண்டு மணிக்கே வானம் பழுத்த மஞ்சளாகிக் கிடந்தது. எதிர்க் கோல்கம்பம் மங்கலாகத் தெரிந்தது. ஆட்கள் தூசிக்குள்ளிருந்து வந்தார்கள், தூசிக்குள்ளே போனார்கள். மெசினாப் பக்கத்திலிருந்து வந்த அணி. போன வருடமும் நம்மோடு விளையாடியவர்கள். முதல் பாதி முழுக்க இடப்பக்கத்தால் அடிவாங்கினேன். ஒவ்வொரு முறையும் விழுந்த பிறகு, கைகொடுத்துத் தூக்க நீ வருவாய் என்று ஒரு கணம் காத்திருந்தேன். வெட்கக்கேடுதான்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வேலிப் பக்கம் போனேன். அம்மா நின்றார். கறுப்புச் சட்டை, முகத்தைச் சுற்றிய சால்வை, கையில் அதே தேத்தண்ணிப் போத்தல். அவர் வருவார் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. என் கையைப் பிடித்தார். கை சுட்டது.

"தம்பி, இண்டைக்காவது அவனுக்கு ஒருக்காப் பந்தைக் குடு."

என்ன சொல்வது? சனம் கூடுமிடத்தில் வைத்து, அன்ரி அவன் இல்லை என்று சொல்லலாமா? சொல்லாமலே அவருக்குத் தெரியாதா? உன்னைச் சவப்பெட்டியில் வைத்தபோது உன் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தவர் அவர். "ஓம் அன்ரி" என்றேன். திரும்பி நடந்தேன். வாக்குக் கொடுத்துவிட்டேன். இல்லாத ஆளுக்கு எப்படிப் பந்து கொடுப்பது? கொடுக்காவிட்டால் இந்த வேலிக்கு எப்படித் திரும்ப வருவது? ஆட்டம் எனக்கு மறந்தே போயிற்று. அந்தப் பாதி முழுக்க அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கோட்டுக்குக் கிட்ட வந்திருந்தோம். பந்துக்காகக் குனிந்து நின்றேன். காற்று ஒருதரம் சுழன்று, கண்ணுக்கு முன்னால் மஞ்சள் திரை விழுந்ததுபோல் ஆயிற்று. பழக்கம். என் இடது குதிகால் தானாக எழும்பியது. கீழே வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அசைய அங்கே ஒருவனும் இல்லை.

ஆனால் எதிரணியின் நடுவில் நின்றவன், போன வருடமும் வந்த அந்தத் தடித்த கழுத்துக்காரன், அசைந்தான். "போறான், போறான்" என்று தன் ஆட்களுக்கு இத்தாலியனில் கத்திக்கொண்டு, கையை நீட்டிக் காட்டியபடி, என் இடப்பக்கமாக வெளியே நடந்தான். ஒருவன் இன்னொருவனோடு கூடப் போகும் நடை அது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. ஓரத்துக்குப் போய் நின்றான். முழங்காலை மடித்து, கைகளை விரித்து, தனக்கு முன்னால் இருந்த வெறும் தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பந்து கைக்கு வந்தது. அவன் விட்டுப்போன நடு இடம் வாசல்போலத் திறந்து கிடந்தது. எறியவில்லை. ஓடுவதென்றால் எனக்கு எவ்வளவு சோம்பல் என்று உனக்குத் தெரியும். அன்று ஓடினேன். பந்தை இடக்கையில் அணைத்துக்கொண்டு, உன் ஓட்டத்தை ஓடினேன். ஒருவரும் தொடவில்லை. கோட்டைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தபோது, தடித்த கழுத்துக்காரன் இன்னும் அந்த ஓரத்திலேயே நின்றான்.

மேட்ச் தோற்றோம், அது வேறு கதை. கைகொடுக்க வரிசையாகப் போனபோது அவன் என்னிடம் கேட்டான், அந்த ஒல்லியானவன் எங்கே, கடைசியில்தான் இறக்கினீர்களா என்று. எந்த ஒல்லியானவன் என்றேன். உன் பக்கத்தில் நிற்பவன், போன வருடம் என்னை மூன்று தரம் மண்ணில் விழுத்தியவன் என்றான். அவன் செத்துவிட்டான் என்றேன். முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். கோல்கம்பத்தடிக்குப் போய் அதன் இரும்பைத் தொட்டுக்கொண்டு நின்றான். கெட்டது கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் இரும்பைத் தொடுவார்கள்.

கோச்சிடம் விளக்கம் இருந்தது. அவர்கள் நம் போன வருட வீடியோவைப் பார்த்துப் பாடமாக்கியிருப்பார்கள். குதிகால் எழும்பினால் ரன்னிங் பேக் வெளியே போவான் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தூசியில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பழக்கத்தில் போய்விட்டான். நான் தலையாட்டினேன். பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை நான். கோச் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், பகல் வெளிச்சத்தில் யாராவது கேட்டால்.

அம்மாவிடம் போகும்போது ஒரு பொய்யைத் தயார்செய்து வைத்திருந்தேன். அந்த ஓட்டம் அவனுடையது, அவனுக்காகத்தான் ஓடினேன், பந்து அவனுக்குக் கொடுத்ததாக நினையுங்கள் என்று. பொய்யும் இல்லை, சமாளிப்பு. அவர் போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். முகம் அமைதியாக இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

"கண்டனான் தம்பி."

"நான் ஓடினதையோ அன்ரி?"

"நீ ஓடினனீயோ? நான் உன்னைப் பாக்கேல்லை." தேத்தண்ணி ஆறுவதற்கு மூடியை வாங்கித் தானே ஊதித் திருப்பித் தந்தார். "நீ காலைத் தூக்கினாய். அவன் மெல்ல வெளியாலை நடந்து போனவன். அந்தப் பெரிய பெடியன் அவனுக்குப் பின்னாலையே போனவன். அவன் உன்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டவன்."

குதிகால் சைகையை, கோச்சை விட்டால், நாம் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்கு நீ சொல்லியிருந்தாயா? எப்போது? கேட்க நினைத்தேன்.

"பந்து குடுக்கேல்லையே அன்ரி" என்று மட்டும் சொன்னேன்.

"பந்து என்னத்துக்கு? அவன்ர வேலையை அவன் செய்தவன்."

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் உனக்குப் பந்து கேட்கவில்லை. அன்றே உன் பையையும் என்னிடம் தந்தார். இந்தப் பெட்டி அதற்குள்தான் இருந்தது. அடுத்த மேட்சில் சால்வோ என் இடப்பக்கம் நின்றான். ஓரடி பின்னால் நிற்கும்படி நான்தான் சொன்னேன். அம்மா அவனுக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார். அவனுக்கு ஏன் பந்து கொடுப்பதில்லை என்று அவனுடைய தாய் வந்து என்னிடம் சண்டை பிடிக்கிறாள். அவளை அம்மா தன் பக்கத்தில் இருத்தி, அரைகுறை இத்தாலியனில், பந்தைப் பார்க்காதே, மகனைப் பார் என்று சொல்லிக் கொடுக்கிறார். நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்.

நான் இப்போது மொண்டெல்லோவில் வேலைக்குப் போகிறேன். நீ போன அதே வீதி, அதே மரங்கள். வேறு வழியும் உண்டு. நான் இதில்தான் போகிறேன். அந்தச் சந்தியில் ஸ்கூட்டரை நிறுத்தி முதலில் இடப்பக்கம் பார்ப்பேன். இந்த ஊரில் வழிவிடுவதற்காகக் கார் தானாக நிற்பதென்பது புனிதர்களின் அற்புதங்களில் சேர்க்க வேண்டிய விஷயம். ஆனால் அந்தச் சந்தியில் நிற்கிறார்கள். எப்போதும் இல்லை, சில நாட்களில். நேற்றும் ஒரு கிழவர் நின்றார். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போ என்று கைகாட்டினார். நான் நன்றி சொல்லிப் புறப்பட்டு, கடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். பின்னாலிருந்த கார்களெல்லாம் ஹோர்ன் அடிக்கின்றன. அவர் நகரவில்லை. வெறும் வீதியில், எனக்கு ஓரடி பின்னால் வந்த இன்னொருவரும் கடந்து முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.